வாயில் வைக்காத பலகாரம்

என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, வாழ்க்கையில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகளைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு வேன் ஓட்டுகிறவன் அவன். குடித்தால் பிழைப்புப் போய்விடும் என்பது ஒரு காரணம், அந்த வாடையே அவனுக்கு ஆகாது என்பது இன்னொன்று. அப்படிப்பட்டவனுக்கு ஈரல் சுருங்கிப்போய்விட்டது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். விஷயம் ஊருக்குள் பரவியதும் டீக்கடையில் ஒருவர் என் தோளில் கை போட்டு, பயல் ரகசியமாக ஊற்றிக்கொண்டு இருந்திருப்பான் போல என்றார். கையில் இருந்த டீயை அவர் சட்டையில் ஊற்றியிருப்பேன். பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் கிளாஸைச் சத்தமாக வைத்துவிட்டு வந்தேன்.

எனக்கு அவ்வளவு கோபம் வந்ததற்கு உண்மையான காரணம், குடிக்காதவனுக்கு ஈரல் எப்படிப் போகும் என்பது எனக்கும் புரியவில்லை என்பதுதான். நான் மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறவன். செரிமான மண்டலத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஈரலைச் சிவப்பு சாக்பீஸால் நிழல் போட்டு வரைவதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. என் வீட்டு ஆளுக்கு ஈரல் கெட்டபோது அந்தப் படம் எதற்கும் உதவவில்லை.

மதுரையில் எங்களைப் பார்த்த ஈரல் டாக்டர் ஓர் இளம்பெண். என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். மது இல்லாமலும் ஈரல் இப்படி ஆகும், இப்போதெல்லாம் இதுதான் அதிகம் வருகிறது என்றார். முதலில் கொழுப்பு சேருமாம், அப்புறம் உள்ளுக்குள் ஓயாத அழற்சி, அப்புறம் தழும்பு. மச்சினனுக்குச் சர்க்கரையும் இருந்தது. வண்டி நிற்கிற இடத்தில் பரோட்டா, அதற்கு மேல் ஒரு பாட்டில் கலர் சோடா, காத்திருக்கிற நேரமெல்லாம் பொரித்த தீனி என்று பிழைத்தவன். இப்போது வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளாகி, பேச்சுக்கு நடுவே பேச்சு மறந்து உட்கார்ந்திருந்தான். மாற்று ஈரல் வைத்தால் பிழைப்பான், தள்ளிப்போட நேரம் இல்லை என்றார் டாக்டர்.

நெருங்கிய சொந்தத்தில் ஒருவர் தன் ஈரலில் பாதிக்கு மேல் வெட்டிக் கொடுக்க வேண்டும். மச்சினன் மனைவியின் ரத்த வகை சேரவில்லை, பிள்ளைகள் சிறுசுகள். டாக்டர் அடுத்த ஆளைப் பற்றிக் கேட்டு முடிப்பதற்குள் என் மனைவி, "என்னோடத எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டாள். ஒரு சேலை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறவள் அவள். நல்லா இருக்கிறவளை மேசையில் படுக்கவைத்து வெட்டப்போகிறார்களே என்று பயந்தேன், அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். அவளோ, எனக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் அவன்தானே சீர் கொண்டுவந்தான், ஒரு தடவை நான் கொடுக்கிறேன் என்றாள். அதற்குமேல் அவளிடம் பேச முடியாது.

ஆனால் ஸ்கேன் அறையில் வேறு கதை வெளிவந்தது. டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, ஈரலுக்கு அடியில் தெரிந்த சிறுநீரகத்தைக் காட்டினார். அது சாம்பல் நிறத்தில் இருந்தது. ஈரலும் ஏறத்தாழ அதே நிறத்தில்தான் தெரிய வேண்டுமாம். என் மனைவியின் ஈரலோ தேங்காய்ப்பால் ஊற்றியது போல வெளுத்துப் பளபளத்தது. அத்தனையும் கொழுப்பு. இதை வெட்டிக் கொடுத்தால் அவனுக்கும் வேலை செய்யாது, மிச்சம் இருப்பது இவளையும் காப்பாற்றாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். கொழுப்பு கரைந்தால் எடுக்கலாம், கரையும், ஆனால் சீக்கிரம் கரைய வேண்டும் என்றார்.

என் மனைவிக்கு முகம் செத்துப்போனது. "நான் என்னத்தத் திங்கிறேன் டாக்டரம்மா? மத்தியானம் ரெண்டு கரண்டிச் சோறு, ராத்திரி ஒரு தோசை. கேட்டுப்பாருங்க இவுகள" என்று என்னைக் கைகாட்டினாள். உண்மைதான். எங்கள் வீட்டில் அளவு மீறித் தின்கிறவன் நான். என்னை ஸ்கேன் செய்யவில்லையே என்று உள்ளூர ஒரு நிம்மதி.

அன்றைக்கு நான் டாக்டரை விடவில்லை. சாப்பாட்டுக்கும் அழற்சிக்கும் என்ன சம்பந்தம், வயிறு வேறு ஈரல் வேறு அல்லவா என்று வகுப்பில் கேள்வி கேட்கிற தோரணையில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே என்னையே திருப்பிக் கேட்டார்: "குடல்லேருந்து வர்ற ரத்தம் மொதல்ல எங்க போகுது சார்?" ஈரலுக்கு என்றேன். ஏன் நேராக இதயத்துக்குப் போகவில்லை என்றார். சத்துகளைச் சேமிக்க என்று பாடப் புத்தகப் பதிலைச் சொன்னேன். அது பாதிதான் என்றார்.

மீதிப் பாதியை அவர் சொல்லச் சொல்ல எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நம் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அவற்றில் பலவற்றுக்கு மேலுறையே நஞ்சு என்பதும், அவை சாகும்போது உறை சிதைந்து அந்த நஞ்சு குடலுக்குள்ளேயே கிடக்கிறது என்பதும், ஒவ்வொரு மனிதனும் ஒரு மூட்டை நஞ்சை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் சிரித்துப் பேசிக்கொண்டு திரிகிறான் என்பதும் என் மண்டையில் ஏறியதே இல்லை. உள்ளே கிடக்கிறவரை அது ஒன்றும் செய்யாது. அதற்கும் நம் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு செல் கனமுள்ள சுவர், அதன்மேல் கொஞ்சம் சளிப்பூச்சு, அவ்வளவுதான். அந்தச் சுவரும் சில நாட்களுக்கு ஒரு முறை பழையது உதிர்ந்து புதிதாக முளைத்துக்கொள்கிறது. கொத்தனார் இல்லை, சித்தாள் இல்லை, நமக்குத் தெரிவதுகூட இல்லை.

கொழுப்பும் இனிப்பும் மைதாவும் ஓயாமல் இறங்கினால் அந்தச் சுவரின் இணைப்புகள் நெகிழ்ந்துவிடுகின்றன. எண்ணெய்ப் பதார்த்தம் செரித்து உள்ளே ஏறும்போது அந்தக் கொழுப்போடு ஒட்டிக்கொண்டும் கொஞ்சம் நஞ்சு ஏறிவிடுகிறது. காயும் கீரையும் பயறும் குறைந்தால், பசித்த பாக்டீரியாக்கள் சில அந்தச் சளிப்பூச்சையே தின்னத் தொடங்கும். எலிகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள், மனிதர்களிடம் எவ்வளவு என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். இப்படிக் கசிகிற நஞ்சில் பெரும்பகுதி வந்து நிற்கிற முதல் வாசல் ஈரல். அங்கே காவலுக்கென்றே செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. வருகிறதைப் பிடித்து விழுங்கிவிட்டு மறுபடி அமைதியாகிவிடும். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, ஓயாமல், தினமும் வந்தால் அந்தக் காவலுக்கு அமைதியே கிடையாது. காய்ச்சல் வராது, வலி வராது, அடுப்பில் தணல் கிடக்கிற மாதிரி ஒரு சூடு மட்டும் அணையாமல் இருக்கும். உடம்பு இன்சுலின் பேச்சைக் கேட்பதை நிறுத்தும், சர்க்கரை ஏறும், ஈரலில் கொழுப்பு தங்கும், வருஷக்கணக்கில் தழும்பாகும். இது ஒன்றே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள், பரம்பரை உண்டு, எடை உண்டு, எத்தனையோ உண்டு, அதில் இதுவும் ஒன்று என்று கடைசியில் எச்சரிக்கையாகச் சொன்னார்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் என் கரும்பலகைப் படமே கண்முன் நின்றது. இத்தனை வருஷமாகச் சிவப்பு சாக்பீஸால் நிழல் போட்டது ஒரு காவல்காரனுக்கு என்று தெரியாமலேயே போட்டிருக்கிறேன். மேலூர் தாண்டும்போது என்னையறியாமல் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் வயிற்றுவலியா என்று கேட்டு, பையிலிருந்து ஓம வாட்டர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

அன்றிலிருந்து என் மனைவி வைராக்கியமாக இறங்கினாள். சோற்றைப் பாதியாக்கினாள். காலையில் பயறு, மத்தியானம் தட்டு நிறையக் கீரையும் காயும், காபியில் சீனி கிடையாது. விடிந்ததும் சாக்கோட்டை ரோட்டில் நடந்துவிட்டு வருவாள். வீட்டில் எனக்கும் அதே சாப்பாடுதான் என்பதால் நான் முணுமுணுத்துக்கொண்டே இளைத்தேன். சில வாரம் கழித்து ஸ்கேனுக்குப் போனால், இளைத்தது நான் மட்டும்தான் போலிருந்தது. அவள் ஈரல் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். போதாது என்றார் டாக்டர். மச்சினன் அதற்குள் இரண்டாம் முறையாக ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். அவள் தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்து அழுதாள். ஒளித்துத் தின்கிறாயா என்று நான் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கேட்டுவிட்டேன். காரைக்குடி வரை அவள் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோடை விடுமுறை விட்டிருந்தது. என்னதான் நடக்கிறது பார்த்துவிடுவோம் என்று அவள் வேலை செய்கிற இடத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். என் மனைவிக்குப் பலகாரத் தொழில். வீட்டின் பின்கட்டில் பெரிய அடுப்புகள்; உதவிக்கு இரண்டு பெண்கள். கல்யாணப் பெண்ணோடு அனுப்பும் தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம் எல்லாம் டின் டின்னாக இங்கிருந்துதான் பல வீடுகளுக்குப் போகும். இத்தனை வருஷத்தில் நான் அங்கே தின்னப் போயிருக்கிறேனே தவிர, உட்கார்ந்து பார்த்ததில்லை.

முதல் ஈடு தேன்குழல் எண்ணெயிலிருந்து வந்தது. அவள் ஒரு கண்ணியை ஒடித்து வாயில் போட்டாள், தலையை ஆட்டினாள், கொட்டச் சொன்னாள். அடுத்த ஈடு வந்தது, இன்னொரு கண்ணி. சீடை மாவு பிசைந்ததும் பச்சை மாவில் ஒரு கிள்ளு. அதிரசத்தில் ஒரு ஓரம். மனகோலத்துக்குப் பாகு சேர்த்ததும் ஒரு கை. அடுப்பு எரிகிற நேரமெல்லாம் அந்த வாய் அசைந்துகொண்டே இருந்தது, அவள் கண் மட்டும் எங்கோ தூரத்தில், கணக்குப் போடுகிற ஆளின் கண் மாதிரி. நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது என்ன என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "எது?" என்றாள். வாயைக் காட்டினேன். "இதா? பதம் பாக்குறேன். இது சாப்பாடா?" என்றாள். பக்கத்தில் மாவு பிழிந்துகொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த அதிரச ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைத் தட்டில் வைத்துவிட்டு, அடுப்பைத் தணித்துவிட்டு, என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். ஒளித்துத் தின்கிறாயா என்று கேட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

பலகாரக்காரிகள் யாரும் பதம் பார்ப்பதைச் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. விரத நாளில்கூடப் பதம் பார்ப்பார்கள்; விரதம் கலையாது. டாக்டர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது அவள் பொய் சொல்லவில்லை, அவள் கணக்கில் அது இல்லவே இல்லை. போனில் டாக்டரிடம் சொன்னேன். ஒரே வேளையில் உட்கார்ந்து அத்தனையும் தின்றால்கூட நடுவில் குடலுக்கு ஓய்வு இருந்திருக்கும் சார், இது காலையிலிருந்து சாயங்காலம்வரை எண்ணெயும் இனிப்பும் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது, வாசல்காரனை உட்காரவே விடவில்லை என்றார். எனக்கு அந்தக் காவல் செல்களின்மேல் பரிதாபமாகப் போய்விட்டது. எத்தனை ஆயிரம் ஈடு தேன்குழலுக்கு அவை எழுந்து நின்றிருக்கும்.

தொழிலை நிறுத்து என்றேன். வைகாசிக் கல்யாணங்களுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்றாள். அப்படியானால் நான் பதம் பார்க்கிறேன் என்று வீரமாக முன்வந்தேன். எல்லாமே எனக்கு நன்றாக இருந்தது, அதுதான் பிரச்சினை. எனக்கு உப்புக் குறைந்த தேன்குழலும் ருசி, கூடினதும் ருசி. ஓர் ஆச்சி வீட்டிலிருந்து ஒரு டின் முழுக்கத் திரும்பி வந்தது. அந்த ஆச்சியே காரில் வந்து இறங்கி, வாத்தியார் நாக்கு பாடம் நடத்தத்தான் லாயக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஆச்சி வந்து போன பிறகுதான் என் மனைவி ஒன்றை நினைத்துக்கொண்டாள். அவர் வீட்டிலிருந்து வருஷத்துக்குச் சில தடவை சாமிக்குப் படைக்கவும் பலகாரம் கேட்பார்கள். படையலுக்குப் போகிற பலகாரத்தை யாரும் வாயில் வைக்கக் கூடாது, மாவைக்கூட. இத்தனை வருஷமாக அவள் அதையும் செய்துகொண்டுதான் இருந்தாள், ஒரு தடவையும் குறை வந்ததில்லை. "படையலுக்குச் செய்யிறப்ப என் வாய்க்கு அங்க என்ன வேலை? இனிமே எல்லாமே படையல்னு நெனச்சுக்கிறேன்" என்றாள். யாருக்குப் படையல் என்று கேட்டேன். அவள் மதுரை இருக்கிற திசையில் தலையை அசைத்தாள்.

அடுத்த நாளிலிருந்து அந்தப் பின்கட்டில் நான் பார்த்தது எனக்கு இன்னொரு பாடம். உப்பை ஒரே கிண்ணத்தால் அளந்து தண்ணீரில் கரைத்துச் சேர்த்தாள். எண்ணெயின் சலசலப்பு அடங்குகிற நேரத்தைக் காதால் கேட்டாள். பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தாள். தேன்குழலைக் காதருகே வைத்து ஒடித்து, சத்தத்திலேயே மொறுமொறுப்பைப் பார்த்தாள். முதல் வாரம் கை தானாக வாய்க்குப் போகும். பாதியில் நின்று இறங்கும். அவளே சிரிப்பாள், சில சமயம் கண்ணும் கலங்கும். அவள் வாயில் ஒரு துணுக்கு எண்ணெய்ப் பண்டம் படவில்லை. டின் எதுவும் திரும்பியும் வரவில்லை.

அப்புறம் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை. ஒரு மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. வயிற்றுக்குள் கொட்டுவதை நிறுத்தினாள், காயும் பயறும் கொடுத்தாள், நடந்தாள், அவ்வளவுதான். யாரும் சொல்லாமலேயே அந்தச் சுவர் தன்னை இறுக்கிக்கொண்டிருக்க வேண்டும், ஈரல் தன் கொழுப்பைத் தானே எரித்துக்கொண்டிருக்க வேண்டும். அடுத்த ஸ்கேனில் டாக்டர் கருவியை இங்குட்டும் அங்குட்டும் நகர்த்திவிட்டு, திரையைத் திருப்பினார். சிறுநீரகம் சாம்பல் நிறம். ஈரலும் சாம்பல் நிறம். சாம்பலை அழகான நிறம் என்று நான் அதற்கு முன்னால் நினைத்ததில்லை. என் மனைவி மேசையில் படுத்தபடியே, "எடுத்துக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள். ஈரலில் ஊசி குத்தித் துணுக்கு எடுத்தும் பார்த்துவிட்டு, எடுக்கலாம் என்றார்கள்.

ஆபரேஷன் அன்று காலையில் இருவரையும் அடுத்தடுத்த அறைகளுக்குக் கொண்டுபோனார்கள். நான் நடுவே வராந்தாவில் மச்சினன் மனைவியோடு உட்கார்ந்திருந்தேன். வேண்டாத சாமி இல்லை, பிள்ளையார்பட்டிக்கு நேர்ந்துகொண்டதை மட்டும் வெளியே சொல்கிறேன். பொழுது சாய்ந்தபோது ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் வந்து, ஈரலை வைத்துத் தையல் போடுவதற்குள்ளேயே பித்தநீர் சுரக்கத் தொடங்கிவிட்டது என்றார். ஒருத்தி உடம்பிலிருந்து வெட்டின துண்டு, புது இடத்தில், யாரையும் கேட்காமல் வேலையைத் தொடங்கிவிட்டது. மச்சினன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், வாத்தியார் என்பதெல்லாம் அப்போது ஞாபகம் இல்லை.

சில மாதம் கழித்து அக்கா, தம்பி இருவருக்கும் ஒரே நாளில் ஸ்கேன் வைத்தார்கள். மச்சினன் கண்ணில் மஞ்சள் போய், கன்னத்தில் சதை வைத்து, டிரைவர் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். டாக்டர் இருவர் படத்தையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வெட்டிக் கொடுத்தவளிடம் மிச்சம் இருந்தது வளர்ந்து ஏறத்தாழ முழுசாகியிருந்தது. வாங்கிக்கொண்டவனிடமும் அந்தத் துண்டு வளர்ந்து முழுசாகியிருந்தது. இரண்டும் ஒரே சாம்பல் நிறம். நான் உயிரியல் வாத்தியார், எனக்கே எது யாருடையது என்று தெரியவில்லை.

மச்சினன் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தான். "அத்தான், இதுல அக்காவோடது எது, என்னோடது எது?" என்று என்னைக் கேட்டான்.

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் அவனைப் பார்த்து, "ரெண்டுமே அக்காவோடதுதான்" என்றார்.

அவன் நிமிரவில்லை. திரையில் ஒரு விரலை வைத்தபடி அப்படியே நின்றான். தோள் குலுங்கியது. என் மனைவிதான் எழுந்துபோய், சின்னப் பிள்ளையில் செய்திருப்பாள் போல, அவன் காதைப் பிடித்து லேசாகத் திருகினாள்.

"அப்ப என்னோடதுல பரோட்டாவப் போட்டுராத" என்றாள்.